நாலு விரல் இறக்கம்

சனிக்கிழமை சந்தை கலைகிற நேரத்துக்கு அம்பேலியோ சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவான். வணக்கம் சொல்லும் வழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. தொப்பியை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்காருவான். பெர்த்தில்லா அவன் முன்னால் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினும் பூண்டு போட்ட சலாமி நாலு துண்டும் வைப்பாள். வைத்த கையோடு கேட்பாள்.

"வந்துச்சா?"

"வரலை."

"அசையவாவது செஞ்சுதா?"

"அசையற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் அசையலை."

ஈஸ்டரிலிருந்து இதே கேள்வி, இதே பதில். இப்போது திராட்சை அறுவடையும் முடிந்துவிட்டது. மொன்டெல்லோ குன்றின் அடிவாரத்தில் எல்லா வீட்டிலும் புது ஒயின் நுரைத்துக்கொண்டிருக்கிறது. அம்பேலியோவின் பட்டறையில் மட்டும் ஒரு சைக்கிளின் சீட் பைப்பு அசைய மாட்டேன் என்கிறது.

அது ஜெலிந்தோவின் பந்தய சைக்கிள். சீட்டைத் தாங்கும் அலுமினியப் பைப்பு இரும்பு ஃபிரேமுக்குள் இறுகிப்போய் நின்றது. அதை நாலு விரல் உள்ளே இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு விரல் இறங்கினால் ஜெலிந்தோ சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். ஊன்ற முடிந்தால் விழமாட்டான். விழமாட்டான் என்றால் ஓட்டலாம். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதி செத்துப்போன புருஷனை வைத்துக்கொண்டு பெர்த்தில்லா போட்ட கணக்கு இது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எந்த டாக்டரிடமும் காட்டி அவள் சரிபார்க்கவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரியில் ஜெலிந்தோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான். சூப்பை வாயில் ஊட்டினால் வழியவிட்டான். பாதிரியார் வந்தார், பழைய சைக்கிள் கிளப் ஆட்கள் ஜெர்ஸியோடு வந்தார்கள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. இவனும் போய்விட்டால் அவளுக்கு அடுப்புப் பற்றவைக்க ஒரு காரணமும் இல்லை. ஒரு நாள் பொறுமை போய், சூப் கிண்ணத்தை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டுக் கத்தினாள்.

"சரி, செத்துத் தொலை! போற வழியில உன் சைக்கிளைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டுப் போறேன்."

சுவர்ப் பக்கமிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "தொட்டுத்தான் பாரு."

பத்து நாளில் அவன் பேசிய முதல் பேச்சு. அன்றைக்குச் சூப் முழுவதும் உள்ளே போனது. அந்த நிமிஷத்திலிருந்து பெர்த்தில்லா அந்தச் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் இருந்தால் ஜெலிந்தோ இருப்பான். அவளைப் பொறுத்தவரை மருத்துவம் அவ்வளவுதான்.

வேறு சைக்கிள் வாங்கினால் என்ன என்று கேட்காத ஆளில்லை. மூன்று சக்கர வண்டி நல்லது, விழாது என்று அடுத்த வீட்டுக்காரன் ஒரு படம் போட்ட தாளையே கொண்டுவந்து கொடுத்தான். ஜெலிந்தோ அதை இடது கையால் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இதுல முன்னாடி ஒரு பெட்டி இருக்கே, அதுல ஐஸ்கிரீம் வெச்சு விக்கணுமா?" என்று கேட்டான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வட்டாரத்தில் சீட்டின் உயரம் என்பது மனிதனின் மானத்தோடு ஒட்டிய விஷயம். ஓர் ஆளுக்கு ஓர் உயரம். அதைக் கண்டுபிடிக்க வாலிபம் முழுக்கச் செலவழிப்பார்கள், கண்டுபிடித்த பிறகு சாகும்வரை மாற்ற மாட்டார்கள். நண்பனுக்குச் சைக்கிளை இரவல் கொடுப்பார்கள், காரைக்கூடக் கொடுப்பார்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டு ஒரு நூல் இறங்கியிருந்தால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஜெலிந்தோ அதிலும் ஒருபடி மேலே போனவன். வாலிபத்தில் ஒரு பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் அவனுடைய சீட்டு இரண்டு விரல் வழுக்கி இறங்கிவிட்டது. முதலாவதாக வரவேண்டியவன் மூன்றாவதாக வந்தான். அதாவது, முதலாவதாக வந்திருப்பேன் என்று அவன் சொல்லிக்கொண்டான், மறுத்துப் பேச யாருக்கும் துணிச்சலில்லை. அன்றைக்கே பைப்பை வெளியே எடுத்து, கிரீஸை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிட்டு, வயலின் வில்லில் தேய்க்கிற பிசினைப் பொடிசெய்து தடவி உள்ளே தட்டி இறக்கினான். கிரீஸ் போடாத பைப்பு ஃபிரேமோடு ஒட்டிவிடும் என்பது சைக்கிள் துடைக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும். ஜெலிந்தோவுக்கும் தெரியும். ஒட்டட்டும் என்றுதான் செய்தான். அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் கார் ஷெட்டுக்குள், நின்ற இடத்திலேயே ஓட்டிப் பழகும் உருளைகளின் மேல் சைக்கிளை நிறுத்தி, மேலே இருந்து உப்பு வியர்வை சொட்டச் சொட்ட மிதித்தான். இரும்பும் அலுமினியமும் உப்பைக் குடித்துக் குடித்து ஒன்றையொன்று தின்றன. அந்தப் பைப்பு நகராமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் அம்பேலியோ தலைகீழாகச் சொல்வான். ஜெலிந்தோவோடு ஒரே கிளப்பில் ஓட்டியவன். இப்போது வீட்டுப் பின்புறம் ஒரு கொட்டகையில் ஊர்க்காரர்களின் சைக்கிளைப் பழுது பார்க்கிறான். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, சைக்கிளைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனான். "பத்து நாள் குடு," என்றான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் போர்க்களச் செய்திதான். ஒரு வாரம், ஃபிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பக்கத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டதாகச் சொன்னான். இன்னொரு வாரம், ஊற்றியது அம்மோனியா, அந்த நெடியில் கொட்டகைப் பூனை வீட்டை விட்டே ஓடிவிட்டது. வேறொரு வாரம், வெளியே கொதிக்கும் நீர், பைப்புக்குள்ளே ஐஸ்.

"இரும்பு விரியும், அலுமினியம் சுருங்கும். நடுவுல ஒரு மயிரிழை இடம் கிடைக்கும், அங்கதான் பிடிக்கணும்," என்று சலாமித் துண்டை வைத்து விளக்கினான்.

"கிடைச்சுதா?" என்றாள் பெர்த்தில்லா.

"கிடைச்ச மாதிரி இருந்துச்சு."

"உனக்கு எல்லாமே மாதிரிதானா? ஒண்ணாவது நிஜமா நடக்குமா?"

ஜெலிந்தோ சிரிப்பான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலும் அது சிரிப்புதான். "அவன் பந்தயத்துலயும் அப்படித்தான். ஜெயிக்கற மாதிரியே ஓட்டுவான்."

"நீ பிசின் தடவி வெச்சதுக்கு நான்டா அனுபவிக்கறேன். அதைப் பூமியோட வேர் விட வெச்சிருக்கே," என்பான் அம்பேலியோ. இரண்டு கிழவர்களும் அடுத்த வாரத் தாக்குதலைப் பற்றி வெகுநேரம் பேசுவார்கள். அடுப்புப் பக்கம் நின்று கேட்கும்போது பெர்த்தில்லாவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். சுவரைப் பார்த்துப் படுத்தவனா இவன் என்று நினைத்துக்கொள்வாள்.

பைப்பு வெளியே வருவதற்குள் கால் தயாராக இருக்க வேண்டாமா? செவ்வாயும் வெள்ளியும் மாரா என்ற பெண் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் பெர்த்தில்லாவே மாரா. விடிந்ததும் நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவனை நடத்துவாள். சாப்பாட்டுக்கு முன்னால், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்.

"தூக்கு. இன்னும் தூக்கு. பெடல் அங்க இல்ல, இங்க இருக்கு," என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவாள்.

"என் பயிற்சியாளர்கூட என்னை இப்படிப் படுத்தினதில்ல."

"அதான் மூணாவதா வந்தே."

ரொட்டிக் கடையில், பாதிரியாரிடம், கல்லறைத் தோட்டத்தில் பூ மாற்ற வருபவர்களிடம், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெர்த்தில்லா சொல்லிவிடுவாள்: அறுவடைக்குள் ஜெலிந்தோ குன்றின் மேல் இருப்பான், சீட் பைப்பு ஒன்றுதான் பாக்கி. ரொட்டிக்கடைக்காரி கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு சில்லறை எடுப்பாள். பெர்த்தில்லா அதைக் கவனித்ததில்லை.

மே மாதம் ஒரே ஒரு ஞாயிறு அவள் வீட்டில் இல்லை. பஸ்ஸானோவில் தங்கையின் பேத்திக்கு முதல் நற்கருணை. கோலூன்றி அத்தனை பேர் நடுவில் உட்காரமாட்டேன் என்று ஜெலிந்தோ பிடிவாதம் பிடித்ததால், அம்பேலியோவைத் துணைக்கு வைத்துவிட்டுப் போய்வந்தாள். சாயங்காலம் திரும்பியபோது ஜெலிந்தோவின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன் என்றான். மறுநாள் காலை, அவள் கூப்பிடுவதற்கு முன்பே நடைவழியில் போய் நின்றான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கோடை முழுக்க அப்படித்தான். எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவை தூக்கினான்.

அக்டோபரில்தான் அவளுக்குப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு முன் சாலையில் கிளப்காரர்கள் கூட்டமாகக் குன்றுக்குப் போவார்கள். சங்கிலிச் சத்தமும் அரட்டையும் தூரத்திலேயே கேட்கும். ஒரு ஞாயிறு அந்தச் சத்தம் கேட்டதும் ஜெலிந்தோ, "ஜன்னலைச் சாத்து, வெயில் அடிக்குது," என்றான். வெளியே மூடுபனி. அடுத்த வீட்டுக் கூரையே தெரியாத அளவுக்கு மூடுபனி.

நம்பிக்கை தளர்கிறது என்று பெர்த்தில்லா முடிவு கட்டினாள். எல்லாம் அந்த அம்பேலியோவால். இன்னும் ஒரு மாதம் இழுத்தால் குளிர் வந்துவிடும், குளிரில் ஜெலிந்தோ மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான், வசந்தத்துக்கு ஆளே இருக்கமாட்டான். அடுத்த சனிக்கிழமை கிளாஸை வைக்காமலே கேட்டாள்.

"உன்னால முடியலைன்னா சொல்லிடு. த்ரெவீஸோவுல பெரிய கடைங்க இருக்கு. நான் தூக்கிட்டுப் போறேன்."

அம்பேலியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேற எவனாவது கை வெச்சா ஃபிரேம் கிழியும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"நீ கை வெச்சு மட்டும் என்ன கிழிச்சே?"

"விடு பெர்த்தில்லா," என்றான் ஜெலிந்தோ. "வரும்போது வரட்டும்."

அவன் குரலில் அவசரமே இல்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

வியாழக்கிழமை இரும்புச் சாமான் கடைக்காரனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மோவாயைச் சொறிந்துவிட்டு, பைப்பை மேலே அறுத்துவிட்டு உள்ளே காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றச் சொன்னான். சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும், இரும்பை ஒன்றும் செய்யாது. பைப்பு போனால் போகிறது, புதுப் பைப்பு போட்டுக்கொள்ளலாம். "பெயின்ட் மேல படாம பார்த்துக்கணும், கையில உறை போட்டுக்கணும்," என்றான். ஆறு மாதமாக இது அம்பேலியோவின் மண்டையில் உதிக்கவில்லையே என்று பெர்த்தில்லாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு டப்பா சோடாவை வாங்கிக் காரின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

அம்பேலியோ இல்லை. கொட்டகைக் கதவு எப்போதும் போலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே பூனை பெஞ்சின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டை விட்டு ஓடிய பூனைதான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாயில் சைக்கிளும் இல்லை, பைப்பும் இல்லை. அதன் மேல் பூசணிக்காய்களை அடுக்கி வைத்திருந்தான். ஜெலிந்தோவின் சைக்கிள் மூலையில் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்தியிருந்தான். விரிப்பை இழுத்ததும் தூசி எழும்பி அவள் மூக்கில் ஏறியது. எண்ணெய் ஊற்றிய அடையாளம், அடித்த அடையாளம், எதுவும் இல்லை. சீட்டு எந்த உயரத்தில் போனதோ அதே உயரத்தில் நின்றது.

"சோம்பேறி நாய்," என்று வாய்விட்டுச் சொன்னாள். "தொட்டே பார்க்கலை."

சரி, அவன் செய்யாவிட்டால் நானே செய்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். முதலில் சீட்டுக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தை இறுக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்த வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றது. பெஞ்சின் மேல் கிடந்த எல் கீயை எடுத்துப் போட்டுத் திருப்பினாள். போல்ட்டு சுலபமாகத்தான் தளர்ந்தது. பிறகு அறுப்பதற்கு ரம்பம் எங்கே என்று திரும்பிப் பார்த்தபடியே, சைக்கிள் சாயாமல் இருக்கச் சீட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

சீட்டு இறங்கியது.

சத்தமே இல்லாமல், அவள் கைக்கு அடியில், வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கியது. அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து மேலே இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். பைப்பு முழுதாக அவள் கையோடு வந்துவிட்டது. பாதிக்கு மேல் பளபளவென்று தீட்டி, தளதளவென்று கிரீஸ் தடவியிருந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று நெஞ்சு குதித்தது. அது குதித்து இறங்கிய பிறகுதான் மற்றது புரிய ஆரம்பித்தது. ஃபிரேமின் வாயோரம் பிதுங்கியிருந்த கிரீஸின் மேல் பழைய தூசி ஒட்டியிருந்தது.

வாசலில் அம்பேலியோ நின்றான். கையில் கீரைக் கூடை. அவள் கையிலிருந்த பைப்பைப் பார்த்தான், கூடையைக் கீழே வைத்தான்.

"எப்ப?" என்றாள்.

"பெர்த்தில்லா, உட்காரு."

"எப்ப வந்துச்சுன்னு கேக்கறேன்."

"மே மாசம். நீ பஸ்ஸானோ போன அன்னிக்கு."

"அஞ்சு மாசமா என் ஒயினைக் குடிச்சுட்டு என் காதுல பூ சுத்தினியா? அம்மோனியான்னே. ஐஸுன்னே. பூனை ஓடிப்போச்சுன்னே."

"அம்மோனியா ஊத்தினது நிஜம்தான். அது ஏப்ரல்ல." அவனுக்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பூனையை நகர்த்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். "கேளு. அன்னிக்குக் காலையில நீ கிளம்பினதும், அவனை உட்கார வெச்சுட்டு இங்க வந்து, சீட்டைக் கழட்டிட்டு, ஃபிரேமைத் தலைகீழாப் புரட்டி, பைப்போட தலையை வைஸ்ல கடிக்க விட்டேன். ஃபிரேமையே கைப்பிடியாப் பிடிச்சு, உடம்பு முழுக்கப் போட்டுத் திருப்பினேன். கிழிஞ்சா கிழியட்டும்னு. சட்டுனு ஒரு வெடிச் சத்தம். போச்சுடா ஃபிரேம்னு நினைச்சேன். பார்த்தா பைப்பு ஒரு நூல் திரும்பியிருக்கு. அதுக்கப்புறம் இப்படியும் அப்படியுமா அசைச்சு அசைச்சு, கத்திக்கிட்டே வெளிய வந்துச்சு. நான் அழுதுட்டேன். இந்த வயசுல ஒரு பைப்புக்கு அழுதேன்."

"அப்புறம் ஏன்டா..."

"சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டு, நாலு விரல் இறக்கி, உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். நீ சாயங்காலம் வரும்போது அவன் முற்றத்துல சுத்திக்கிட்டிருக்கணும்னு ரெண்டு பேரும் திட்டம் போட்டோம். ஒயின் பாட்டில்கூட எடுத்து வெச்சோம்." அம்பேலியோ தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினான். "ஏத்தி உட்கார வெச்சேன். ரெண்டு காலும் தரையில நின்னுச்சு, நீ சொன்ன மாதிரியே. ஆனா வலது கால் பெடலுக்கு ஏறலை. நான் தூக்கி வெச்சேன், நழுவிச்சு. வாரைப் போட்டுக் கட்டினேன். தள்ளிவிட்டேன். உடம்பே வலப்பக்கம் போகுது பெர்த்தில்லா. கால் இல்ல, உடம்பு. அவனுக்கு நேரா இருக்கறது எதுன்னே தெரியலை. விழுந்தான். மறுபடி ஏத்துடான்னான். மறுபடி விழுந்தான். மூணாவது தடவை விழுந்தப்புறம் எழுந்திருக்கலை. தரையிலயே உட்கார்ந்துட்டு, சீட்டை மேல ஏத்துன்னான். பழைய இடத்துக்கு ஏத்து, அவகிட்ட வரலைன்னு சொல்லுன்னான்."

பெர்த்தில்லா பைப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் திட்டினேன். உண்மையைச் சொல்லிடலாம்டான்னேன். அவன் கேக்கலை. 'என்னை ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிட்டு வந்தது அவ. இந்தச் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ நிக்கறா. இது இல்லைன்னு தெரிஞ்சா விழுந்துடுவா. அவ விழுந்தா தூக்கறதுக்கு எனக்குக் கை இல்ல'ன்னான். எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். அவளாக் கேக்கறதை நிறுத்தற வரைக்கும்னான். நீ எங்க நிறுத்தினே? ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசல்படியில நின்னு இன்னிக்கு என்ன பொய்டான்னு யோசிச்சுட்டுத்தான் உள்ள வருவேன்."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைப்பைப் பெஞ்சின் மேல் பூனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிரீஸ் கையை விரிப்பில் துடைத்தாள்.

"மேல ஏத்தி வெச்சிடட்டுமா?" என்று அம்பேலியோ கேட்டான். "உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். சனிக்கிழமை வரேன். எப்பவும் போல."

அவள் போய்க் காரில் ஏறினாள்.

வழியெல்லாம் அதையேதான் நினைத்தாள். எப்பவும் போல. முடியாததில்லை. சனிக்கிழமை கிளாஸை வைத்துவிட்டு வந்துச்சா என்று கேட்கலாம். வரலை என்பான். ஜெலிந்தோ அவளுக்காக நடிப்பான், அவள் அவனுக்காக நடிப்பாள். இப்படியே வசந்தம்வரை, அதற்கடுத்த வசந்தம்வரை. ஐந்து மாதம் அவன் செய்ததை அவளால் செய்ய முடியாதா? செய்துவிடலாம் என்றுதான் தீர்மானித்துக்கொண்டாள். முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தாள்.

வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு யாரோ டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். காரைச் சாலையோரம் விட்டுவிட்டு, பின்பக்கமாக நடந்து வந்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜெலிந்தோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சும்மா உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி ஓடவில்லை, செய்தித்தாள் விரிக்கவில்லை. செத்த கையை நல்ல கை மடியில் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். அது எங்கேயும் போகவில்லை. அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் கால் சரளையில் பட்டுச் சத்தம் எழுந்தது. ஜெலிந்தோ திடுக்கிட்டான். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்தான், எழ முயன்றான், உட்கார்ந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்தான். நாற்காலியைத் திருப்பி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டான். இடது கையால் தலைமயிரைக் கோதிச் சரிசெய்தான். பிறகு வலது காலைத் தூக்க ஆரம்பித்தான்.

அவள் கதவைத் திறந்தபோது அவன் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"முப்பத்தி ஒண்ணு. முப்பத்தி ரெண்டு." திரும்பிப் பார்த்துக் கோணலாகச் சிரித்தான். நெற்றி வியர்த்திருந்தது. "எங்க போயிட்டே? நீ இல்லாமலே பாதி முடிச்சுட்டேன். கால் இன்னிக்குக் கொஞ்சம் மேல வர மாதிரி இல்ல?"

கால் மே மாதத்தில் வந்த உயரத்துக்குத்தான் வந்தது. நடுங்கிக்கொண்டு, செருப்பின் நுனி தரையை உரச, அதே உயரத்துக்கு. ஐந்து மாதமாக அவள் தினமும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

காரில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. ஆமாம், வருது, இன்னும் தூக்கு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"முப்பத்தி மூணு," என்றான் ஜெலிந்தோ.

"போதும் ஜெலிந்தோ," என்றாள். "காலைக் கீழ போடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. காலைக் கீழே போட்டான்.